கேப் டவுன்ல இருக்கற என் கவிஞனுக்கு, டர்பன்ல இருந்து அம்மா

கண்ணா,

போன்ல நீ கேட்டதுக்கு ரெண்டு வரில பதில் சொல்லிடலாம்னு தான் பாத்தேன். "அம்மா நான் எழுதறத நாலு பேர் கேக்கணும், எங்க போறது, எங்க அனுப்பறது"ன்னு கேட்ட பாரு, அதுக்கு வாய்ஸ் நோட்டு பத்தாது, அதுவும் நீ என் வாய்ஸ் நோட்டயெல்லாம் ஒன்றரை ஸ்பீடுல ஓட்டிக் கேக்கறவன். அதனால எழுதறேன். தமிழ் படிக்க உனக்கு நேரம் ஆகும், ஆகட்டும், இதையாவது மெதுவா படி.

நீ லண்டன் பத்திரிகை, நியூயார்க் பத்திரிகைன்னு ஒரு லிஸ்ட் போட்டு எனக்கு அனுப்பியிருந்தியே, அதப் பாத்தேன். எல்லாம் பெரிய பேரு தான். ஒண்ணு கேக்கறேன், அதுல ஒரு பத்திரிகையாவது நீ காசு குடுத்து வாங்கி முழுசா படிச்சிருக்கியா? படிக்காத பத்திரிகைக்கு கவிதை அனுப்பறது முகம் தெரியாத வீட்டுக்கு பொண்ணு கேட்டு போற மாதிரி, அவங்களுக்கும் சங்கடம் நமக்கும் சங்கடம். அந்த லிஸ்ட்ட தூக்கிப் போடச் சொல்லல, கொஞ்ச நாள் ஓரமா வை. மௌப்ரேல வீடு வச்சுகிட்டு பக்கத்து ஏரியா ஆப்ஸ்ல, அதான் அப்சர்வேட்டரில, யாரு என்ன வாசிக்கறாங்கன்னு தெரியாம லண்டனுக்கு அனுப்பினா எப்படி. மொதல்ல போய் ஒரு மூலைல உக்காந்து கேளு. அதுக்கப்புறம் வாசி. அதுக்கப்புறம் அனுப்பு. நான் சொல்ல வந்தது இவ்ளோ தான், மிச்சமெல்லாம் எப்படி எங்கன்ற விவரம்.

இந்த ஊர்ல கவிதைய மொதல்ல காதுல தான் கேட்டிருக்காங்க. ஸூலு ஜனங்க கிட்ட இம்போங்கின்னு ஒருத்தர் இருப்பார்ல, ராஜாவுக்கு முன்னாடி நின்னுகிட்டு பரம்பரையே சொல்லி புகழ்ந்து பாடுவாரே, நம்ம ஊர்ல பாணர் புலவர்னு சொல்வோமே அந்த வேல தான், ஆனா இங்க அது இன்னும் உயிரோட இருக்கு, பார்லிமெண்ட் திறக்கற அன்னிக்கு கூட ஒரு இம்போங்கி முன்னாடி வந்து நின்னு குரல் குடுப்பார், நீயே டிவில பாத்திருக்க. மசீசி குனேனே ஸூலுல எழுதின பெரிய கவிஞர், வருஷக்கணக்கா வெளிநாட்டுல இருந்துட்டு 1993ல திரும்பி வந்தவர், டர்பன்காரர், அவர் கவிதைய பேப்பர்ல படிக்கறதுக்கும் ஒருத்தர் நின்னு சொல்லி கேக்கறதுக்கும் அவ்ளோ வித்தியாசம். ஸூலு எனக்கு அரைகுறை தான், இருந்தாலும் கேட்டப்ப உடம்பு சிலிர்த்துச்சு.

அத நான் கேட்டது எங்கன்னா, பொயட்ரி ஆஃப்ரிகால. உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னப் பையனா இருந்தப்ப ஹோவர்ட் காலேஜ் மேட்டுல எலிசபெத் ஸ்னெடன் தியேட்டருக்கு உன்ன இழுத்துட்டு போவேன், நீ பாதில தூங்கிடுவ. 1997ல ஆரம்பிச்சது அது, குவாஸூலு நடால் யுனிவர்சிட்டில இருக்கற சென்டர் ஃபார் க்ரியேட்டிவ் ஆர்ட்ஸ் தான் நடத்தறாங்க, பெரும்பாலும் அக்டோபர்ல வரும். ஒரு வாரம் போல, ஆப்பிரிக்கா பூரா இருந்து, வெளிநாட்டுல இருந்து எல்லாம் கவிஞர்கள் வருவாங்க, பகல்ல ஸ்கூல்களுக்கு போவாங்க, ராத்திரி மேடை. ஸ்லாம்னு மேடைல கவிதை சொல்லி மோதற போட்டியும் உண்டு. மார்ச்ல வர்ற டைம் ஆஃப் தி ரைட்டர் அதே சென்டர் தான், அது கதை நாவல் பக்கம். இதெல்லாம் சேந்து தான் 2017ல யுனெஸ்கோ டர்பன இலக்கிய நகரம்னு அறிவிச்சாங்க, ஆப்பிரிக்காவுலயே மொத ஊரு நம்ம ஊரு தான். நம்ம ஏரியா சாட்ஸ்வொர்த்ல பாதி பேருக்கு இது தெரியாது, பன்னி சாவ், அதான் குடைஞ்ச ப்ரெட்டுல கறி ஊத்தித் தர்றது, எந்த கடைல நல்லா இருக்கும்னு கேட்டா மட்டும் சண்டை போடுவாங்க. அடுத்த அக்டோபர்ல லீவு போட்டு வா, ரெண்டு பேரும் போவோம்.

சரி, கேப் டவுன் விஷயத்துக்கு வரேன். ரோலண்ட் ஸ்ட்ரீட் மூலைல புக் லவுஞ்ச்னு ஒரு கடை இருக்குல்ல, அங்க போ. சும்மா போய் ஷெல்ஃப் பாத்துட்டு வராத, அங்க வாரத்துல நெறைய சாயங்காலம் புத்தக வெளியீடு நடக்கும், "அஞ்சரை ஃபார் ஆறு"ன்னு போடுவாங்க பாரு, அஞ்சரைக்கு வைன் குடுத்துட்டு ஆறு மணிக்கு பேச்சு ஆரம்பிப்பாங்க, காசு வாங்க மாட்டாங்க. கவிதைப் புத்தக வெளியீடு வர்ற அன்னிக்கு கண்டிப்பா போ. அன்னிக்கு கூட்டத்துல உக்காந்திருக்கறவங்கள்ல பாதி பேர் கவிஞர்களா இருப்பாங்க, ரெண்டு மூணு பேர் பத்திரிகை ஆசிரியரா இருப்பாங்க, ஏன்னா இந்த நாட்டுல கவிதை உலகம் அவ்ளோ சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யாரு வேணா எழுந்து வாசிக்கற கூட்டத்துக்கு ஓப்பன் மைக்னு பேரு, கடைல வேல பாக்கற பசங்க கிட்ட "இப்ப ஓப்பன் மைக் எங்க நடக்குது"ன்னு கேளு. நெட்டுல தேடறத விட அது நிச்சயம், ஏன்னா இந்த மாதிரி கூட்டமெல்லாம் ஒரு காஃபி கடைல ஆரம்பிச்சு அந்த ஓனர் கைமாத்தினா இன்னொரு பாருக்கு போய், அங்க சத்தம்னு லைப்ரரிக்கு போய், இப்படி இடம் மாறிக்கிட்டே இருக்கும், நெட்டுல பழைய அட்ரஸ் தான் இருக்கும். ஆப்ஸ்லயே ஆஃப் தி வால்னு திங்கக்கிழமை ராத்திரி வாசிப்பு பல வருஷம் நடந்துச்சு, மொதல்ல அழைச்ச கவிஞர், அப்புறம் யாரு வேணா எழுந்து வாசிக்கலாம். அதுல வாசிச்சவங்க இன்னும் ஊர்ல தான் இருப்பாங்க, அவங்க கிட்ட கேட்டா அடுத்த கூட்டம் எங்கன்னு சொல்வாங்க.

செப்டம்பர்ல ஓப்பன் புக்னு ஒரு விழா இருக்கு, 2011ல இருந்து, புக் லவுஞ்ச்காரங்க ஆரம்பிச்சது தான். அதுல பொயட்டிகான்னு கவிதைக்குன்னே தனியா ஒரு பகுதி வச்சிருக்காங்க. மெக்ரெகர்னு ஒரு சின்ன கிராமம், ராபர்ட்சன் தாண்டி, அங்கயும் கவிதை விழா உண்டு, ஊரே சேந்து நடத்துவாங்க. அது உனக்கு ஒரே நாள்ல போய்ட்டு வர்ற தூரம், உன் ஃப்ரெண்ட் பக்கி வண்டி, அதான் பிக்கப், வச்சிருக்கான்ல, அவன் கூட போய்ட்டு வா. ராத்திரி டிரைவ் பண்ணி திரும்பாதீங்க.

இப்ப ஓப்பன் மைக். நீ ஐஸ்டெட்ஃபட்னு சொல்ற ஒப்புவிக்கற போட்டில வளந்த பையன், அதான் எனக்கு பயம். நம்ம வெர்னாக் கிளாஸ், அதான் தமிழ் கிளாஸ், பசங்கள நானே ட்ரெய்ன் பண்ணி மேடை ஏத்தறவ தான், குறளும் பாரதியும் கைய வீசி, குரல தூக்கி, ஜட்ஜ் பக்கம் பாத்து சொல்லணும்னு. அது போட்டிக்கு. ஓப்பன் மைக்ல அப்படி கத்தினா மொத வரிசைல இருக்கறவங்க பயந்துடுவாங்க. மைக் இருக்கு, அது வேல செய்யட்டும். மெதுவா வாசி, நீ நெனைக்கறத விட மெதுவா, நாம பதட்டத்துல எல்லாத்தயும் ஓட்டிடுவோம். போன பாத்து வாசிக்காத, நடுவுல உங்கப்பா கால் பண்ணுவார், பெரிய எழுத்துல பேப்பர்ல ப்ரிண்ட் எடுத்துட்டு போ. வாசல்லயே பேரு எழுதற பேப்பர் இருக்கும், சீக்கிரம் போய் எழுதிடு, லேட்டா போனா கடைசில விழும், அதுக்குள்ள ஜனங்க ஊபர் புக் பண்ண ஆரம்பிச்சிருப்பாங்க. மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம், அஞ்சுன்னா அஞ்சு. வீட்ல டைம் வச்சு வாசிச்சுப் பாத்துட்டு போ. கவிதைக்கு முன்னாடி "இது நான் எப்ப எழுதினேன்னா"ன்னு ஆரம்பிக்கறாங்க பாரு சில பேர், கவிதை ஒரு நிமிஷம், விளக்கம் நாலு நிமிஷம், அந்த வேல மட்டும் வேணாம். நம்ம வீட்டு விஷயம், பொங்கல், காவடின்னு வருதுல்ல உன் கவிதைல, அதயும் விளக்காத, புரிஞ்சவங்களுக்கு புரியும், புரியாதவங்க முடிஞ்சதும் வந்து கேப்பாங்க, அங்க தான் பழக்கமே ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, இது மரியாதை விஷயம், உன் முறை முடிஞ்சதும் எந்திரிச்சு போய்டாத. கடைசி ஆளு வாசிக்கற வரைக்கும் உக்காரு. பொங்கலுக்கு நாங்க ஹால்ல சின்னதா ஒரு கவியரங்கம் வச்சோமே, அதுல ஒருத்தர் தன் கவிதைய முழங்கி வாசிச்சுட்டு, அடுத்தவங்க ஆரம்பிக்கும்போதே பந்திக்கு போய்ட்டார், எனக்கு அவர் கவிதை ஒரு வரி ஞாபகம் இல்ல, அவர் எந்திரிச்சு போனது தான் ஞாபகம் இருக்கு. நான் திருச்சி வானொலில பொங்கல் கவியரங்கம் கேட்டு வளந்தவ, தலைமைக் கவிஞர் ஒவ்வொருத்தரையும் பாட்டாலயே அழைப்பார், மத்தவங்க "ஆஹா, மறுபடி சொல்லுங்க"ன்னு ஒரே வரிய ரெண்டு தடவ வாங்குவாங்க. இங்க ஸ்லாம்ல வெரல சொடுக்கறாங்க, கை தட்டினா வாசிக்கறவங்களுக்கு இடைஞ்சல்னு. எதுவா இருந்தாலும் கேக்கறவங்க பாதி வேல செய்யறாங்க.

மேடைல வாசிக்கறவங்க எல்லாம் லேசு, புக்குல எழுதறவங்க தான் ஒசத்தின்னு உன் ஃப்ரெண்ட் யாரோ சொன்னானாமே. கொலேக்கா புட்டூமா கேப் டவுன் மேடைல தான் மொதல்ல பேரு வாங்கினா, ஸ்லாம் போட்டில ஜெயிச்சவ, நாடகம் படிச்ச பொண்ணு. 2017ல யூஹ்லாங்கான்னு ஒரு சின்ன பதிப்பகம் அவளோட மொத தொகுப்ப போட்டாங்க, கவிதை புக்கு இவ்ளோ விக்குமான்னு எல்லாரும் வாய பொளந்தாங்க, யுனிவர்சிட்டில பாடமா வச்சிருக்காங்க. அவ புக்கு விக்கறதுக்கு முன்னாடியே அவ குரல கேட்ட ஜனங்க இருந்தாங்க, அவங்க தான் மொதல்ல வாங்கினது. அந்த யூஹ்லாங்கா கவிதைக்குன்னே இருக்கற பதிப்பகம், அப்பப்ப கதவ திறந்து "அனுப்பலாம்"னு அறிவிப்பாங்க, அந்த நேரத்துல மட்டும் தான் வாங்குவாங்க. மொடாஜி புக்ஸ்னு ஒண்ணு கேப் டவுன்லயே இருக்கு, அது பெண்கள் எழுத்துக்கு, உன் தங்கச்சிட்ட சொல்லு, அவளும் ஒளிச்சு வச்சு எழுதறா, எனக்கு தெரியாதுன்னு நெனைக்கறா. ஆனா தொகுப்பு பத்தி இப்ப பேச வேணாம். மொதல்ல பத்திரிகைல நாலு கவிதை வரட்டும்.

பத்திரிகைனா உன் ஊர்லயே நியூ கான்ட்ராஸ்ட் இருக்கு. 1960ல கான்ட்ராஸ்ட்ங்கற பேர்ல கேப் டவுன்ல ஆரம்பிச்சது, அபார்தைட்ங்கற நிறவெறி ஆட்சி காலம் பூரா தாண்டி வந்தது, இன்னும் நடக்குது, வருஷத்துக்கு நாலு. மக்காண்டால, அதான் பழைய க்ரஹாம்ஸ்டவுன், ரோட்ஸ் யுனிவர்சிட்டில இருந்து நியூ காய்ன் வருது, வருஷத்துக்கு ரெண்டு, அதுவும் அறுபதுகள்ல ஆரம்பிச்சது தான், முழுக்க கவிதை. ஜோபர்க்ல, அதான் ஜோஹன்னஸ்பர்க்ல, பொட்சோட்சோன்னு ஒண்ணு, அவங்க இந்த நாட்டு பாஷை எல்லாத்தயும் கலந்து போடுவாங்க, தெரு பேச்சு, டவுன்ஷிப் பேச்சு எல்லாம் வரும், உன்னோட அந்த டர்பன் இண்டியன் இங்கிலீஷ் கவிதை, "வாட் கைண்ட் மை ப்ரூ"ன்னு ஆரம்பிக்குமே, அது அங்க தான் போய் சேரும்னு எனக்கு தோணுது. ஒண்ணொண்ணுலயும் ஒரு இதழ் காசு குடுத்து வாங்கு. இல்லனா டார்லிங் ஸ்ட்ரீட் சென்ட்ரல் லைப்ரரில பாரு. படிச்சேன்னா உனக்கே தெரியும், எது உன் வீடு, எது உனக்கு இல்லன்னு. நியூ காய்ன் ஆளுங்களுக்கு பிடிக்கறது நியூ கான்ட்ராஸ்ட்டுக்கு பிடிக்கணும்னு இல்ல.

அனுப்பற முறை எல்லா எடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா ஒவ்வொருத்தரும் ஒரு விதி வச்சிருப்பாங்க, அத அவங்க பக்கத்துல படிச்சு அப்படியே செய், உன் புத்திசாலித்தனம் அங்க வேணாம். மூணுல இருந்து ஆறு கவிதை வரைக்கும், ஒரே ஃபைல்ல, ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்துல. அலங்கார எழுத்து, பூ போட்ட பார்டர், ஒண்ணும் வேணாம். மெயில்ல ரெண்டு வரி வணக்கம், உன்னப் பத்தி மூணு வரி, அதுல "சின்ன வயசுல இருந்தே கவிதை மேல காதல்"னு எழுதாத, எங்க பொறந்த, என்ன வேல பாக்கற, முன்னாடி ஏதாவது வந்திருந்தா எதுல, அவ்ளோ தான். ஒண்ணுமே வரலைனா வரலைன்னு விட்டுடு, ஆசிரியருங்களுக்கு புது ஆளு பிடிக்கும். ஒரே கவிதைய ஒரே நேரத்துல ரெண்டு எடத்துக்கு அனுப்பலாமான்னு பாரு, சில பேர் சரிம்பாங்க, சில பேர் கூடாதும்பாங்க. அனுப்பலாம்னா, ஒரு எடத்துல எடுத்துட்டாங்கன்னா அன்னிக்கே மத்தவங்களுக்கு மெயில் போட்டு அந்த கவிதைய வாபஸ் வாங்கணும், இது நாணய விஷயம். ஒரு ஷீட் போட்டு வை, எந்த கவிதை, எங்க, எந்த தேதி. நீ ஆபீஸ்ல நாள் பூரா எக்ஸெல்ல தான இருக்க.

அப்புறம் இது முக்கியம், கண்ணா, நல்லா படி. நீ எழுதின ஒடனே இன்ஸ்டால போடற பழக்கம் இருக்குல்ல, அத நிறுத்து. நெறைய பத்திரிகைங்க அதயும் "ஏற்கனவே பிரசுரமானது"ன்னு தான் எடுத்துக்கறாங்க, அப்படி வந்தத வாங்க மாட்டாங்க. நாப்பது லைக்குக்காக ஒரு நல்ல கவிதைய வீணாக்காத. மேடைல வாசிச்சா அந்த பிரச்சனை இல்ல, யாராவது வீடியோ எடுத்து போடாத வரைக்கும். அதுக்கும் தான் சொல்றேன், வாசிக்கறது தான் நல்ல சோதனை. எந்த வரில ஜனங்க நெளியறாங்க, எங்க இருமறாங்க, எங்க அமைதியாறாங்கன்னு தெரியும், வீட்டுக்கு வந்து அந்த நெளிஞ்ச வரிய வெட்டிட்டு அப்புறம் அனுப்பலாம்.

பதில் வர மாசக்கணக்கு ஆகும். இந்த பத்திரிகைங்கள ஒருத்தரோ ரெண்டு பேரோ தான், வேற வேல பாத்துகிட்டு, ராத்திரில உக்காந்து படிச்சு நடத்தறாங்க. ரெண்டு வாரத்துல "என்னாச்சு"ன்னு மெயில் போடாத. வேணாம்னு வந்தா வேணாம் தான், அதுக்கு பதில் எழுதாத, சண்டை போடாத, அடுத்த எடத்துக்கு அனுப்பு. உங்கப்பா பக்கத்துல நின்னுகிட்டு "ஒரு கவிதைக்கு எத்தன ராண்ட் தருவான்"னு கேக்கறார். பெரும்பாலும் உன் கவிதை வந்த இதழ் ஒண்ணு தருவாங்கன்னு சொன்னேன். "பெட்ரோல் செலவுக்கு கூட காணாதே"ங்கறார். காணாது தான். காசு வேணும்னா போட்டிங்க பக்கம் போகணும்.

போட்டில வேடிக்கையா ஒண்ணு இருக்கு, அவ்பாப்னு ஈமச்சடங்கு கம்பெனி, ரோட்ல போர்டு பாத்திருப்பியே, சவப்பெட்டில இருந்து கல்லறைக்கல்லு வரைக்கும் விக்கறவங்க, அவங்க 2017ல இருந்து கவிதைப் போட்டி நடத்தறாங்க. சாவு, பொறப்பு, அன்பு, நம்பிக்கைன்னு தலைப்பு, துக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்கற மாதிரி எழுதணும். ஆகஸ்ட் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் அனுப்பலாம், காசு கட்ட வேண்டாம், ஒவ்வொரு பாஷைக்கும் தனித்தனியா 10,000 ராண்ட் பரிசு. மொதல்ல எனக்கு சிரிப்பா தான் இருந்துச்சு, அப்புறம் யோசிச்சா நம்ம ஒப்பாரி மட்டும் என்னவாம், துக்க வீட்ல தான பெரிய கவிதையெல்லாம் பொறந்துச்சு. தாத்தா போனப்ப நீ எழுதினியே அத கொஞ்சம் செதுக்கி அனுப்பு. ஆனா தமிழ்ல முடியாது, அவங்க எடுத்துக்கற 11 ஆட்சி பாஷைல நம்ம பாஷை இல்ல. சட்டத்துல இருக்கு தெரியுமா, இந்த நாட்டு அரசியல் சாசனத்துலயே ஆறாவது பிரிவுல தமிழ்னு பேரு போட்டே எழுதியிருக்கு, மதிச்சு வளக்கணும்னு. வளக்கறது சனிக்கிழமை காலைல நானும் என் மாதிரி சில டீச்சருங்களும் தான்.

அதுக்காக இங்க தமிழ் அச்சுல வந்ததே இல்லன்னு நெனைக்காத. காந்தி 1903ல டர்பன்ல ஆரம்பிச்ச இண்டியன் ஒப்பீனியன் மொதல்ல நாலு பாஷைல வந்துச்சு, அதுல தமிழும் ஒண்ணு. பி.எஸ். ஐயர் 1908ல ஆஃப்ரிகன் க்ரானிக்கிள்னு தமிழும் இங்கிலீஷுமா ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார், காந்திய எதிர்த்தும் எழுதினவர். கரும்புத் தோட்டத்துல ஒப்பந்தம் முடிஞ்சு வந்தவங்க ஊர்ல ஈய எழுத்துல தமிழ் கோத்திருக்காங்க, நமக்கு போன்லயே கீபோர்டு இருக்கு, நாம சாக்கு சொல்றோம்.

அதனால உன்னோட தமிழ்க் கவிதைங்கள, இருக்கறது கொஞ்சம் தான்னாலும், ஊர்ப் பக்கம் அனுப்பிப் பாரு. நாகர்கோவில்ல இருந்து காலச்சுவடு, சென்னைல உயிர்மை, நெட்லயே வர்றதுன்னா சொல்வனம், கனடால இருந்து வர்ற பதிவுகள். யூனிகோடுல டைப் பண்ணி அனுப்பு, அப்பா கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய ஃபாண்ட்ல அடிச்சா அவங்களுக்கு வெறும் கட்டம் கட்டமா தெரியும். எங்கயோ தென்னாப்பிரிக்கால இருந்து எவனோ அனுப்பறான்னு தள்ளிடுவாங்களோன்னு யோசிக்காத. சி.சு. செல்லப்பான்னு ஒருத்தர், 1959ல எழுத்துன்னு ஒரு சின்ன பத்திரிகை ஆரம்பிச்சார், புதுக்கவிதை தமிழ்ல கால் ஊனினதே அதுல தான். காசு இல்லாத மனுஷன், தான் போட்ட புத்தகங்கள தானே தூக்கிட்டு காலேஜ் காலேஜா போய் வித்தார். அந்த எழுத்துவுக்கு இலங்கைல திருகோணமலைல இருந்து இருபது வயசு வாக்குல ஒரு பையன் தபால்ல கவிதை அனுப்பினான், அவன யாருக்கும் தெரியாது. அந்த பையன் தான் பின்னால பெரிய கவிஞரான பிரமிள். ஆசிரியர் பாத்தது கவிதைய, ஸ்டாம்ப இல்ல.

உள்ளூர் பத்திரிகைய கேவலமா நெனைக்கறவங்களுக்கு நான் சொல்ற இன்னொரு ஆளு, பெஸோவா. போர்ச்சுகல்காரர், அவங்க பாஷைல பெரிய கவிஞர், உலகமே கொண்டாடுது. அவர் வளந்தது எங்க, டர்பன்ல! 1896ல அம்மாவோட வந்தார், மாற்றாந்தகப்பனார் இங்க போர்ச்சுகல் கான்சல், டர்பன் ஹை ஸ்கூல்ல படிச்சார், 1905ல திரும்பிப் போய்ட்டார். அந்த பையன் 16 வயசுல, சார்ல்ஸ் ராபர்ட் அனோன்னு ஒரு பொய்ப் பேரு வச்சுகிட்டு கவிதை அனுப்பினது எதுக்கு தெரியுமா, நடால் மெர்குரிக்கு. நம்ம அப்பா காலைல ஸ்போர்ட்ஸ் பக்கம் மட்டும் படிச்சுட்டு போடுவாரே அதே மெர்குரி. 1904ல அதுல வந்துச்சு. லண்டனுக்கு அனுப்பல.

ஒரே ஒரு எடத்துல மட்டும் ஜாக்கிரதையா இரு. "உங்க கவிதை எங்க தொகுப்புக்கு தேர்வாயிடுச்சு, வாழ்த்துக்கள்"னு மெயில் வரும், சந்தோஷமா இருக்கும், கீழ சின்ன எழுத்துல புக்கு வாங்க இவ்ளோ கட்டுங்கன்னு இருக்கும். நம்ம வெர்னாக் கிளாஸ்ல பாடம் எடுக்கற இன்னொரு டீச்சர் அப்படி ஒரு கம்பெனிகிட்ட கட்டினாங்க, புக்கு தலையணை மாதிரி வந்துச்சு, ஒரு பக்கத்துல மூணு கவிதை, அனுப்பின எல்லாரும் தேர்வு, அதுல இருக்கறவங்க தவிர வேற யாரும் அத வாங்கல. அவங்ககிட்டயே அப்புறம் "உங்க தனிப் புக்கு போடறோம், ஐஎஸ்பிஎன்னு புக்குக்கு போடற அடையாள எண்ணுக்கு தனியா கட்டணும்"னு வேற கேட்டாங்க. இந்த நாட்டுல ஐஎஸ்பிஎன் நேஷனல் லைப்ரரி சும்மா தருது, ப்ரிட்டோரியாவுக்கு விண்ணப்பம் போட்டா போதும். போட்டிக்கு சின்னதா நுழைவுக் கட்டணம் வாங்கறது வேற, அது சில எடத்துல நியாயமா நடக்கும். அச்சுல வர நீ காசு குடுக்கணும்னா அது பிரசுரம் இல்ல, ப்ரிண்டிங் ஆர்டர்.

நீ சுயமா அச்சடிக்கணும்னா கேவலம் ஒண்ணுமில்ல, அத தெரிஞ்சு செய். பதினாறு பக்கம், நடுவுல ஸ்டேப்ளர், ஐம்பது காப்பி, வாசிப்புக்கு போகும்போது கைல எடுத்துட்டு போ. அப்படி சின்ன புக்கு விக்கறவங்கள நான் பொயட்ரி ஆஃப்ரிகா வெளி ஹால்ல நெறைய பாத்திருக்கேன், நானும் வாங்குவேன், சில புக்குல அட்டைப்படம் தான் நல்லா இருக்கும், அது வேற கத. டிசம்பர்ல வரும்போது ஃப்ளோரிடா ரோடுல ஐக்ஸ் புக்ஸுக்கு கூட்டிட்டு போறேன், மாடில இருக்கு, வந்த எழுத்தாளர்கள் எல்லாம் சொவத்துல கையெழுத்து போட்டிருப்பாங்க. பழைய தென்னாப்பிரிக்கா பத்திரிகைங்க, சின்ன கவிதை புக்குங்கல்லாம் அந்த மாதிரி கடைல தேடினா கெடைக்கும், மால்ல இருக்கற கடைல கேட்டா கவிதைனா வாழ்த்து அட்டை பக்கம் கை காட்டறாங்க.

உனக்கு ஒரு சந்தேகம் இருக்குன்னு தெரியும், நீ வாயால சொல்லலனாலும். "நான் டர்பன் தமிழ்ப் பையன், அங்க உக்காந்திருக்கறவங்க வேற ஆளுங்க, என் கவிதை அவங்களுக்கு எதுக்கு"ன்னு. போனா ரெண்டு மூணு கூட்டத்துக்கு அந்நியமா தான் இருக்கும், அத மறுக்கல. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப பொயட்ரி ஆஃப்ரிகா ஹால்ல பொடவ கட்டின ஆளு நான் ஒருத்தி தான் இருப்பேன், திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் பக்கத்து சீட்டுல ஒரு ஸூலு டீச்சர் உக்காந்து எனக்கு வரி வரியா காதுல அர்த்தம் சொன்னாங்க, அடுத்த வருஷம் எனக்கு எடம் பிடிச்சு வச்சாங்க. மண்டேலா 1994ல உங்க கேப் டவுன் பார்லிமெண்ட்ல மொத உரைல யாரு கவிதைய வாசிச்சார், இங்ரிட் யோங்கர்னு ஒரு ஆஃப்ரிக்கான்ஸ் பொண்ணு எழுதினத. கறுப்புக் கொழந்தைய சுட்டதப் பத்தி வெள்ளைக்காரப் பொண்ணு ஆஃப்ரிக்கான்ஸ்ல எழுதி, அத 27 வருஷம் ஜெயில்ல இருந்த மனுஷன் எடுத்து வாசிச்சார். யாரு கவிதை யாருக்கு வேணும்னு நாம உக்காந்து முடிவு பண்ண முடியாது. இந்த யோங்கர் பேர்ல மொத தொகுப்புக்கு மட்டும் தர்ற ஒரு பரிசும் இருக்கு, அது பின்னால.

திங்கக்கிழமையோ எந்தக் கிழமையோ, போற அன்னிக்கு சாப்ட்டுட்டு போ, வெறும் வயித்துல வைன் குடிச்சுட்டு மைக் முன்னாடி நிக்காத. ஆப்ஸ்ல ராத்திரி நடந்து திரும்பாத, ஊபர் போடு, காசு நான் தரேன். மொத தடவ எந்த கவிதை வாசிக்கறதுன்னு கேட்டல்ல, அந்த ஜேக்கரண்டா மரம் ஒண்ணு வேணாம், அந்த மரத்தப் பத்தி இந்த நாட்டுல எழுதாதவனே இல்ல. இசிபிங்கோ கோயில்ல குட் ஃப்ரைடே அன்னிக்கு மாரியம்மன் பூஜைக்கு கோழிய கைல பிடிச்சுகிட்டு வரிசைல நின்னது எழுதினியே, அது வாசி. மூணாவது பத்தி மட்டும் நீளம், கோழி கத்தறதோட நிறுத்திட்டா போதும்னு தோணுது, அதுக்கப்புறம் வர்ற நாலு வரி நீ யோசிச்சு எழுதினது, பாத்து எழுதினது இல்ல. மாத்தினா எனக்கு அனுப்பு. ஸ்க்ரீன்ஷாட்டா அனுப்பாத, கண்ணாடி போட்டாலும் தெரிய மாட்டேங்குது, டைப் பண்ணி மெயில்ல அனுப்பு.

மாங்கா ஊறுகாய் ஜான் வர்ற வாரம் ஃப்ளைட்ல எடுத்துட்டு வரான், ஏர்போர்ட் போய் வாங்கிக்கோ.

அம்மா